இரண்டு அரசவைகளில் ஒரு குடும்பம்: மங்கோலியர் காலமும் பாண்டியர் அவையும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் பாகான் செராய், கிரியான் வட்டாரத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்டங்களிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு முற்பட்ட காலத்தைப் பேச நேரும்போது, சோழரின் கடாரப் படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கும் நினைவுகூரப்படுகின்றன. ஒருபுறம் கூலி, மறுபுறம் படை என்னும் இவ்விரு சித்திரங்களுக்கு இடையே, மலாக்கா நீரிணை பெருவணிகக் குடும்பங்களின் வழித்தடமாக விளங்கிய 13ஆம் நூற்றாண்டு மறைந்துவிடுகிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் மங்கோலியர் ஆட்சியிலும் பாண்டியர் அவையிலும் ஒருசேரச் செல்வாக்குப் பெற்றிருந்த தீபி குடும்பத்தைச் சான்றாகக் கொண்டு, வணிகப் பிரபுக்களுக்கும் அரசவைக்கும் இடையே நிலவிய உறவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மங்கோலியரும் மாபரும்

1258இல் பாக்தாது வீழ்ந்த பின்னர் பாரசீகம் இல்கான் மரபினரின் ஆட்சிக்கு உட்பட்டது. 1279இல் தென்சீனம் முழுவதும் குப்ளாய் கானின் யுவான் அரசுக்குப் பணிந்தது. இவ்விரு மங்கோலிய அரசுகளையும் இணைத்த கடல்வழியின் நடுவே, அரபியர் 'மாபர்' என்றழைத்த பாண்டிய நாடு அமைந்திருந்தது. பாண்டிய நாடு மங்கோலியரின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. எனினும் 1268இல் அரியணை ஏறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனின் அவை அரசியலை அப்பேரரசுகளிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1281ஆம் ஆண்டுக்குரிய சீனத்துச் சுவான்சௌ நகரத் தமிழ்க் கல்வெட்டு, குப்ளாய் கானின் நலம் வேண்டிச் சிவன் கோயில் எழுப்பப்பட்டதைத் தெரிவிப்பது இத்தொடர்பின் நெருக்கத்தைக் காட்டும்.

குதிரையும் பதவியும்

தீபி குடும்பத்தைப் பற்றிய செய்திகளை விரிவாகத் தருபவர் வஸ்ஸாஃப். இவர் ஷீராஸ் நகரைச் சேர்ந்தவர். இல்கான் ஆட்சியில் வரித்துறை அலுவலராகப் பணியாற்றியவர். குடும்பத்தின் தலைவரான ஜமாலுத்தீன் இப்ராஹீம், பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்ததோடு, ஃபார்ஸ் மாநிலத்தின் வரிவசூலையும் மங்கோலியரிடம் குத்தகைக்குப் பெற்றிருந்தார். அவருடைய தம்பி தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மானோ பாண்டிய மன்னனின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன.

இச்செல்வாக்கிற்கு அடிப்படையாக அமைந்தது குதிரை. தமிழ்நாட்டில் தரமான போர்க்குதிரை வளர்ப்பது அரிதாயிருந்தது. ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைக் கிஷ் தீவிலிருந்து அனுப்ப ஜமாலுத்தீன் ஒப்புக்கொண்டார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இந்த எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளை வாங்குவதையும், தக்க பராமரிப்பின்றி அவை மடிவதையும் மார்க்கோ போலோவும் பதிவுசெய்திருப்பதால், செய்தியின் சாரம் நம்பத்தக்கதே எனலாம். கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும் கோயிற் பெண்டிர் செலுத்திய வரியிலிருந்தும் இவ்விலை கொடுக்கப்பட்டதாக அவர் கூறுவது சிந்திக்கத்தக்கது. ஒரு முஸ்லிம் குடும்பத்தின் செல்வமும் ஒரு சைவ அரசின் படைவலிமையும் ஒரே கணக்கில் வரவும் செலவுமாக நின்றன.

பறிமுதல் அச்சம்

அவ்வாறாயின், இக்குடும்பம் பாண்டியனை ஆட்டிவைத்ததா? சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. 1303 அளவில் தக்கியுத்தீன் மறைந்தபோது, அவருடைய செல்வம் முழுவதையும் மன்னன் எடுத்துக்கொள்ள விரும்பினான். அவருடைய மகன் சிராஜுத்தீன் 200,000 தினார் செலுத்தி மன்னனின் மனத்தைக் குளிர்வித்த பின்னரே தந்தையின் பதவியும் சொத்தும் அவருக்குக் கிடைத்தன. பதவி தந்தைக்குப் பின் மகனுக்குச் சென்றது உண்மை. ஆனால் அது உரிமையாகச் செல்லவில்லை, மீண்டும் விலைகொடுத்து வாங்கப்பட்டது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. 1281இல் யுவான் தூதர் யாங் திங்பி மாபர் வந்தபோது, அவையைச் சேர்ந்த ஒருவர் அவரை இரகசியமாகச் சந்தித்து, மன்னன் தம் உடைமைகளைப் பறித்துத் தம்மைக் கொல்லவும் எண்ணியதாக முறையிட்டார் என யுவான் அரச வரலாறு குறிப்பிடுகிறது. ஓமானின் கல்ஹாத் நகரை மூலமாகக் கொண்ட மற்றொரு குடும்பத்தின் வாழ்வும் இவ்வகையிலேயே அமைந்தது. பாண்டியச் சகோதரர் ஐவரும் 'ஆறாம் சகோதரர்' என்று கொண்டாடிய ஒருவரின் மகன், 1291இல் மாபரை விட்டு நீங்கிக் குப்ளாயின் அவையில் அடைக்கலம் புகுந்தார். அங்கே கொரிய நாட்டுப் பெண்ணை மணந்து, 1299இல் மறைந்தார்.

இரண்டாம் அவை

இந்நிலையில், இரண்டு அரசவைகளில் கால் ஊன்றியது பேராசையினால் மட்டுமன்று; அது தற்காப்பும் ஆகும். ஆனால் இல்கான் அவையும் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. பேரமைச்சர் ஷம்சுத்தீன் ஜுவைனி 1284இலும், ரஷீதுத்தீன் 1318இலும் கொல்லப்பட்டனர். எனவே ஒரு கரையில் புயல் எழுந்தால் மறுகரையில் ஒதுங்குவதற்கு ஒரு துறை தேவைப்பட்டது.

ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அகமதின் பயணம் இதற்குத் தக்க சான்றாகும். இல்கான் கஸானின் தூதராகவும், அவருடைய பொன்னை முதலாகக் கொண்டு வணிகம் செய்பவராகவும் 1297 அளவில் சீனத்திற்குப் புறப்பட்ட அவர், திரும்பும் வழியில் 1305 அளவில் மாபரை நெருங்கும் வேளையில் இறந்தார். சிற்றப்பா தக்கியுத்தீனின் கல்லறை அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அக்காலக் கப்பல்கள் சீனத்திற்குச் செல்லவும் மீளவும் பயன்படுத்திய பெருவழி மலாக்கா நீரிணை என்பதால், பேராக் கரையும் அக்குடும்பத்தின் உலகிற்கு அப்பாற்பட்டதன்று.

முடிவுரை

1310இல் குலசேகரன் தன் மகன் சுந்தர பாண்டியனால் கொல்லப்பட்டான் என்கிறார் வஸ்ஸாஃப். சுந்தரனும் வீரனும் போரிட்ட வேளையில், 1311இல் மாலிக் காபூரின் படை மதுரையை எட்டியது. இவ்வீழ்ச்சியை உடன்பிறந்தோர் பகையாக மட்டும் விளக்குவது மரபு. மேற்கண்ட சான்றுகள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. படைக்கு இன்றியமையாத குதிரைக்காகக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு குடும்பத்தை நம்பியிருந்த அரசு, அக்குடும்பத்தின் நம்பிக்கையைப் பறிமுதலால் குலைத்தது. தேவையும் அச்சமும் சேர்ந்து கட்டிய உறவு, நெருக்கடியில் அரணாக நிற்பதில்லை.

கடல்கடந்த வரலாற்றைப் பெருமைப் பட்டியலாகக் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவருக்கு அப்பட்டியலைவிடப் பயன்தருவது, இக்கடலில் யார் எதை விற்றனர், யார் விலை கொடுத்தனர் என்று வினவும் பழக்கமே. கரும்புத் தோட்டத்தின் கணக்கேடுகளை வாசிக்கவும் அதே வினா தேவைப்படும்.