பாக்கெட்டில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு

"கம்ப்யூட்டர்ல வரையறதெல்லாம் ஒரு ஓவியமா?" பொட்டி தட்டுற என்கிட்ட நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. பதிலுக்கு டேவிட் ஹாக்னியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கறேன்.

1937-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். கோட்டுப் பாக்கெட்டில் ஸ்கெட்ச் நோட்டு வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதை அங்கேயே வரைகிற ஆள். அந்தப் பழக்கம்தான் முதல். கருவி எதுவானாலும் சரி.

1986-ல் அவர் கையில் மாட்டியது ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா வரைந்து, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப உள்ளே விட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அச்செடுத்தார். ஃபோட்டோஷாப்பில் லேயர்னு சொல்றோமே, அதே சங்கதி! அதே வருஷம் நூற்றுக்கணக்கான போட்டோக்களை ஒட்டி 'பேர்பிளாசம் ஹைவே'. 1989-ல் சாவ் பாலோ பைனாலேவுக்குப் படங்களை ஃபேக்ஸில் அனுப்பினார்.

2009-ல் ஐபோன். 2010-ல் ஐபேட் வந்ததும், நோட்டு இருந்த பாக்கெட்டில் அது குடியேறிடுச்சு. 2011-ல் யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வருவதை அதில்தான் வரைந்தார். அந்த வரிசையில் 51 ஐபேட் படங்கள்.

எனக்குப் பிடிச்ச மேட்டர் இனிமேதான். அவர் பயன்படுத்திய 'பிரஷ்ஷஸ்' மென்பொருள், வரைந்ததை முதல் கோட்டிலிருந்து திரும்ப ஓட்டிக் காட்டும். மேலே பூசி மறைத்த கோடுகூட வரும், நம்ம கோட் ஹிஸ்டரி மாதிரியே. தான் வரைவதை ஹாக்னியே அதில்தான் முதல்முறையா உட்கார்ந்து பார்த்தாராம்.

ஒவ்வொரு கோடும் கையால் போட்டது. அடுத்த தடவை யாராச்சும் அந்தக் கேள்வியைக் கேட்டா, வாதாடாதீங்க மக்களே... அதை ஓட்டிக் காட்டுங்க.