எட்டாத மருத்துவர்: கொரோனா காலத்து இங்கிலாந்தில் குடும்ப மருத்துவமும் நோயாளர் அனுபவமும்

2020 மார்ச்சுக்குப் பிறகு இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரை எட்டுவது ஏன் இவ்வளவு கடினமாயிற்று என்ற கேள்விக்கு, நாளேடுகளும் அமைச்சர்களும் சேர்ந்து ஒரு விடையை நிலைநாட்டிவிட்டார்கள். மருத்துவர்கள் நோயாளிகளை நேரில் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது அந்த விடை. 2021-ல் டெய்லி மெயில் நாளேடு நேரடிச் சந்திப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தியது. அரசும் அதே திசையில் பேசியது. மக்களின் கோபம் உண்மையானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பிழையானது. நோயாளிகள் இழந்தது மருத்துவரின் அறையை அல்ல, அந்த அறையை நோக்கிய வழியை. அந்த வழியும் கொரோனாவுக்கு முன்பே குறுகத் தொடங்கியிருந்தது. கிடைக்கும் சான்றுகள் இந்த முடிவையே தாங்கி நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் நெஞ்சு வலித்தால் இதய மருத்துவரையும் தோல் அரித்தால் தோல் மருத்துவரையும் நேரே போய்ப் பார்த்துவிடலாம், காசுதான் தடை. இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவையில் சிகிச்சைக்குக் காசு தடையில்லை, ஆனால் அவசரச் சிகிச்சை போன்ற சில வழிகள் நீங்கலாகச் சிறப்பு மருத்துவம் அனைத்துக்கும் குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும். லண்டன் தமிழர்கள் 'ஜிபி' என்று சொல்லும் அந்த மருத்துவர், நோயைத் தீர்ப்பவர் மட்டுமல்லர், வாயிற்காவலரும் அவரே. 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளர்களுக்கு மட்டும் தந்த பட்டியல் மருத்துவரை, 1948 ஜூலை 5-இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒவ்வொருவரும் ஒரு மருத்துவரின் பட்டியலில் பெயர் பதிந்திருப்பார்கள். 2004-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இதை மாற்றியது: பதிவு தனி மருத்துவரிடமிருந்து மருத்துவ நிலையத்துக்குப் போயிற்று, 'என் மருத்துவர்' என்பவர் ஏட்டளவில் மறைந்தார். சிறிய நிர்வாகத் திருத்தமாகத் தோன்றும் இந்த மாற்றத்தின் விலை கொரோனா காலத்தில்தான் முழுதாகத் தெரிந்தது.

2020 மார்ச்சில் நடந்தது வேகமான திருப்பம். யாரும் நேரே உள்ளே வரக்கூடாது, முதலில் தொலைபேசியிலோ இணையப் படிவத்திலோ குறையைச் சொல்ல வேண்டும், அதைப் பார்த்துத் தரம் பிரித்த பிறகே யாரை அழைப்பது என்று முடிவாகும் என ஏற்பாடாயிற்று. கொரோனாத் தொற்றுக்கு முன் சந்திப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு நேரடியானவை. ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மார்ச்சில் சுமார் 2.4 கோடியாக இருந்த மொத்தச் சந்திப்புகள் ஏப்ரலில் சுமார் 1.6 கோடியாகச் சுருங்கின. வீட்டிலிருங்கள், சுகாதாரச் சேவையைக் காப்பாற்றுங்கள் என்று அரசு நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சேவையைக் காப்பாற்றுவதென்றால் அதைத் தொந்தரவு செய்யாமலிருப்பது என்று மக்கள் பொருள் கொண்டதில் வியப்பில்லை. புற்றுநோய் ஐயத்தின்பேரில் அவசரமாக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை, 2019 ஏப்ரலோடு ஒப்பிட 2020 ஏப்ரலில் சுமார் 60 விழுக்காடு குறைந்தது. கட்டிகள் ஊரடங்குக்காகக் காத்திருக்கவில்லை என்பதால், இது சேவையின் வெற்றியாகாது. அப்படியிருந்தும் அன்றைய சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் 2020 ஜூலை 30-இல் ராயல் மருத்துவர் கல்லூரியில் பேசும்போது, மருத்துவக் காரணம் வலுவாக இருந்தாலொழிய இனிக் கலந்தாய்வுகளெல்லாம் தொலைவழியே நடக்க வேண்டும் என்றார்.

நேரடிச் சந்திப்பு குறைந்ததுதான் மக்களின் மனக்குறைக்குக் காரணம் என்றால், அது மிகக் குறைந்திருந்த காலத்தில் குறை உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் குடும்ப மருத்துவ நோயாளர் கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டின் முதல் மாதங்களில் எடுக்கப்படும் அக்கணக்கில், தம் மருத்துவ நிலையத்தில் கிடைத்த அனுபவம் நன்று என்றவர்கள் 2020-இல் 82 விழுக்காடு. இரண்டாம் அலை உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த, சந்திப்புகளில் பாதியளவே நேரடியாக நடந்த 2021 தொடக்கத்தில் அது 83 விழுக்காடு. நேரடிச் சந்திப்புகள் 60 விழுக்காட்டை எட்டிவிட்ட 2022 தொடக்கத்தில் 72 விழுக்காடு. தொலைபேசியில் நிலையத்தை எட்டுவது எளிது என்றவர்களின் கணக்கும் இதே பாதையில் போகிறது: 2020-இல் 65, 2021-இல் 68, 2022-இல் 53. 2012-இல் இது 81 விழுக்காடாக இருந்தது. அதாவது கொரோனா வருவதற்கு முன்பே எட்டு ஆண்டுகளில் 16 புள்ளிகள் கரைந்துவிட்டன. மருத்துவரிடம் போவதைத் தவிர்த்தோர் பற்றிய கேள்வி இன்னும் தெளிவானது. முந்தைய 12 மாதங்களில் ஒருமுறையாவது தவிர்த்ததாகச் சொன்னவர்கள் 2021-இல் 42 விழுக்காடு, 2022-இல் 55 விழுக்காடு. சந்திப்பு பெறுவது மிகக் கடினம் என்பதையே தவிர்த்ததற்குக் காரணமாகச் சொன்னவர்கள் 11 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். கிருமிக்கு அஞ்சியவர்கள் வீட்டிலிருந்த காலம் போய், வரிசைக்கு அஞ்சியவர்கள் வீட்டிலிருக்கும் காலம் வந்தது.

அந்த வரிசை எப்படிப்பட்டது என்று கிட்டத்திலிருந்து பார்த்தால் இந்த எண்கள் புரியும். அக்காலத்தில் பல நிலையங்களில் அன்றைய சந்திப்புகள் காலை 8 மணிக்குத்தான் திறக்கும். 8 மணிக்கு முன் அழைத்தால் பதிவுசெய்த குரல் பேசும். 8 அடித்ததும் அழைத்தால் தொடர்பில் உள்ளார்கள் என்று வரும். மறுபடி மறுபடி அழுத்தி உள்ளே நுழைந்தால் வரிசையில் இத்தனையாவது ஆள் என்று குரல் சொல்லும். வரவேற்பாளர் எடுக்கும்போது அன்றைய இடங்கள் தீர்ந்திருக்கும், நாளைக்குக் காலை அழையுங்கள் என்பார். இடம் கிடைத்தால் என்ன தொல்லை என்று கேட்பார்; மருத்துவம் படிக்காத ஒருவரிடம், சில சமயம் பேருந்தில் நின்றபடி, உடம்பின் அந்தரங்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிறகு மருத்துவர் கூப்பிடுவார். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். எண் மறைத்த அழைப்பாக வரும் அதை, கடையில் கல்லாவில் இருப்பவரோ பேருந்து ஓட்டுநரோ எடுக்க முடியாது. தவறவிட்டால் மறுநாள் காலை 8 மணியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இணையப் படிவம் இதற்கு மாற்று என்றார்கள். அதுவும் பல இடங்களில் வேலை நேரம் முடிந்ததும் அணைக்கப்பட்டது. முன்பு வரவேற்பாளரும் மருத்துவரும் செய்த வேலையில் ஒரு பங்கை நோயாளியின் தலையில் இறக்கிவைத்த ஏற்பாடு இது: தன் நோயைத் தானே தரம் பிரித்து, சரியான சொற்களில், சரியான நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவருக்கே வழி திறந்தது.

இந்தச் சுமை எல்லோர்மேலும் ஒரேபோல் விழவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த அலுவலருக்கு மருத்துவரோடு பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு வரமாக இருந்தது. நடமாட இயலாதவர்களும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும், மருந்துச் சீட்டுப் புதுப்பிக்க மட்டும் வேண்டியவர்களும் பயனடைந்தார்கள். இதை மறைத்துவிட்டுத் தொலைமருத்துவத்தைத் திட்டுவது நேர்மையாகாது. ஆனால் காது கேளாதவருக்குத் தொலைபேசி ஒரு சுவர். ஒரே அறையில் குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்தரங்கம் இல்லை. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அதைச் சொல்லும் வாய்ப்பே இல்லை. ஆங்கிலம் தெரியாத மூதாட்டிக்குப் பேரப்பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நேரில் போயிருந்தால் முகத்தையும் நடையையும் பார்த்தே மருத்துவர் அறிந்திருக்கக்கூடியதை அந்தப் பிள்ளை சொல்லாமல் விட்டிருக்கலாம். வேல்ஸின் கிளின்கோரக் என்னும் சுரங்க ஊரில் மருத்துவராயிருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-இல் லான்செட் இதழில் முன்வைத்த தலைகீழ்ப் பராமரிப்பு விதி இதைத்தான் சொல்கிறது: எங்கே தேவை மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் கிடைப்பது அரிது. அவர் சந்தைச் சக்திகளை மனத்தில் வைத்துச் சொன்னார். சந்தை இல்லாத ஒரு சேவையிலும், நுழைவதற்கே திறமை வேண்டும் என்று ஆக்கிவிட்டால் அந்த விதி செல்லுபடியாகும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது.

மேற்சொன்ன கணக்கெடுப்பை இப்படி வாசிப்பதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு. 2021-இன் 83 விழுக்காடு திருப்தியன்று, நன்றியுணர்ச்சி. மருத்துவப் பணியாளர்களுக்குத் தெருவில் நின்று கைதட்டிய மக்கள் குறை சொல்ல மனமின்றி இருந்தார்கள். 2022-இல் பழைய எதிர்பார்ப்பு திரும்பியதும் உண்மை வெளிப்பட்டது என்பது அந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பதிலளித்தோர் விகிதமும் 35-லிருந்து 29 விழுக்காட்டுக்குக் குறைந்ததால், சினங்கொண்டவர்களின் குரல் சற்றுக் கூடியிருக்கலாம். ஆனால் இரண்டாண்டுகளிலும் பதில் சொன்னோர் 7 லட்சத்துக்கு மேல். நன்றியுணர்ச்சி பொதுவான மதிப்பீட்டை உயர்த்தும் என்று ஏற்றாலும், தொலைபேசி எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கான பதிலை அவ்வளவாக உயர்த்தாது. அந்தப் பதிலும் 2021-இல் ஏறி 2022-இல் சரிந்தது. எளிய விளக்கம் வேறு: 2020-21 குளிர்காலத்தில் பலர் அழைக்கவே இல்லை, அழைத்தவர்களுக்கு வரிசை சிறியதாக இருந்தது. அடுத்த ஆண்டில் தள்ளிப்போட்ட நோய்களும், மருத்துவமனை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தோரின் வலிகளும் ஒரே வாயிலில் வந்து குவிந்தன. நேரடியா தொலைவழியா என்பது அந்த நெரிசலைத் தீர்மானிக்கவில்லை.

மருத்துவர்கள் தரப்பின் மறுப்பு இன்னொன்று. நாங்கள் கதவை மூடவேயில்லை, 2021 அக்டோபரில் மாதச் சந்திப்புகள் 3 கோடிக்குக் குறையவில்லை, முன்னெப்போதும் செய்யாத அளவு வேலை செய்கிறோம் என்றார்கள். உண்மைதான், நோயாளியின் அனுபவமும் உண்மைதான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடிவதற்குக் காரணம், அந்தப் புள்ளிவிவரம் நடந்த சந்திப்புகளை மட்டுமே எண்ணுகிறது என்பது. காலை 8:20-க்கு அழைப்பைத் துண்டித்துவிட்டு வேலைக்குப் போனவர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதோடு ஆள் கணக்கையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் நீங்கலாக முழுநேரக் கணக்கில் 2015 செப்டம்பரில் 29,000-ஐத் தாண்டியிருந்த குடும்ப மருத்துவர்கள் 2022-இல் 27,500 அளவுக்குக் குறைந்தார்கள். பதிவுபெற்ற நோயாளிகளோ சுமார் 5.7 கோடியிலிருந்து 6.2 கோடியாகப் பெருகினார்கள். ஒரு மருத்துவர் தலைக்கு 2,000 பேருக்குள் இருந்தது 2,200-ஐத் தாண்டியது. 2019 தேர்தலில் 6,000 மருத்துவர்களைக் கூடுதலாகத் தருவதாகக் கன்சர்வேடிவ் கட்சி வாக்களித்தது; அந்த இலக்கை நோக்கிச் செல்லவில்லை என்று 2021 நவம்பரில் அமைச்சர் சாஜித் ஜாவிதே ஒப்புக்கொண்டார்.

தொலைபேசியில் நோயை அறிவது ஆபத்தானது, ஆகவே நேரடிச் சந்திப்பைக் கோரியவர்கள் சொன்னதே சரி என்றும் வாதிடலாம். ஆக்ஸ்ஃபர்டின் டிரிஷ் கிரீன்ஹால் குழுவினர் தொலைமருத்துவத்தில் நேர்ந்த 95 பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய்ந்தார்கள். தீங்கு நேர்ந்த நிகழ்வுகள் கடுமையானவை, ஆனால் அரியவை என்பதும், கைவைத்துப் பார்க்க வேண்டிய நோயைத் தொலைபேசியிலேயே முடித்துவிட்டது போன்ற தவறான முறைத் தேர்வு அவற்றில் முக்கியமானது என்பதும் அவர்களின் முடிவு. எந்த நோயாளியைத் தொலைவழியே பார்க்கலாம், எவரைப் பார்க்கக்கூடாது என்பதைப் படிவத்தைவிட அந்த நோயாளியை முன்பே அறிந்தவர் எளிதில் சொல்வார். லேசாகத்தான் வலிக்கிறது என்று சொல்லும் முதியவர் எதையும் குறைத்தே சொல்பவர் என்று அறிந்த மருத்துவருக்கு அந்த 'லேசாக' ஓர் எச்சரிக்கை. அறியாதவருக்கு அது வெறும் தகவல். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வதன் பயன் உணர்ச்சிப் பேச்சல்ல. 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு எடுத்துக்கொண்ட 22 ஆய்வுகளில் 18, தொடர்ச்சி மிகுந்த இடத்தில் இறப்பு குறைவதைக் காட்டின. நார்வே நாட்டின் ஆய்வொன்றில், 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைவு. இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆனாலும் 2022 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, மருத்துவர் பெயரிலான பட்டியலை மீட்க வேண்டும் என்று பரிந்துரைக்க இந்தச் சான்றுகள் போதுமாயிருந்தன.

அரசு எடுத்த வழி வேறு. தொலைவழியே போதும் என்று 2020 ஜூலையில் சொன்ன அதே ஆட்சியில், 2021 மே 13-இல் விரும்புவோரை நேரில் பார்த்தாக வேண்டும் என்று நிலையங்களுக்குக் கடிதம் போயிற்று. அக்டோபரில் 25 கோடி பவுண்டு குளிர்கால நிதி நேரடிச் சந்திப்பைக் கூட்டும் நிபந்தனைகளோடு அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குடும்ப மருத்துவர் குழு அத்திட்டத்தை நிராகரித்தது. 2023-இல் புதிய ஒப்பந்த விதி, நாளைக்கு அழையுங்கள் என்று நோயாளியிடம் சொல்வதையே தடைசெய்தது. சொல்லைத் தடுத்தார்கள், சொல்ல வைத்த பற்றாக்குறை அப்படியே இருந்தது. 2023 தொடக்கத்தில் நேரடிச் சந்திப்புகள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி மீண்டுவிட்டன. அதே மாதங்களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், தொலைபேசியில் மருத்துவ நிலையத்தை எட்டுவது எளிது என்றவர்கள் 50 விழுக்காடு.