விசிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு!" தமிழர் வீடுகளில் இந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. கிள்ளானாக இருந்தாலும் சரி, ஈப்போவாக இருந்தாலும் சரி, சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் சரி, சமையலுக்கு நேரம் சொல்வது பெரும்பாலும் சுவர்க் கடிகாரம் அல்ல, குக்கர்தான்.

பருப்பு குழைய வேண்டுமா, ஆட்டிறைச்சி மெத்தென்று வேக வேண்டுமா, கொண்டைக்கடலை பதமாக வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கை முதலில் போவது அந்தப் பாத்திரத்தை நோக்கித்தான். ஆனால், அது முதன்முதலில் எதை வேகவைக்க உருவாக்கப்பட்டது? அரிசிக்காகவா? பருப்புக்காகவா? இரண்டுக்கும் இல்லை. எலும்புக்காக!

ஏழைகளுக்காக ஒரு பானை

பிரான்சில் 1647இல் பிறந்தவர் டெனிஸ் பாப்பேன். மருத்துவம் படித்த இவருக்கு மனம் முழுவதும் இயந்திரங்கள் மீதே இருந்தது. லண்டனுக்கு வந்து, புகழ்பெற்ற விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1679இல் கனமான உலோகப் பானை ஒன்றை அவர் உருவாக்கினார். மூடியை இறுக்கித் திருகிவிட்டால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லை. ஆவி அடைபட அடைபட அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே கொதிக்கும். இன்றைய குக்கரில் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை செல்வதும் இதே தத்துவத்தால்தான்.

பாப்பேனின் நோக்கம் பெரியது. இறைச்சி வாங்க வசதியில்லாத ஏழைகளுக்கு, மற்றவர்கள் தூக்கி எறியும் எலும்பிலிருந்தே சத்தான உணவு கிடைக்க வேண்டும். அதையும் குறைந்த எரிபொருளில் சமைக்க வேண்டும். இந்த எண்ணத்தோடுதான் 1681இல் தன் பானையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

1682ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, லண்டன் அரச கழகத்தின் அறிஞர்களுக்கு அந்தப் பானையில் சமைத்த விருந்து பரிமாறப்பட்டது. விருந்தில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் அதை வியந்து எழுதியிருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டியைப் போல மென்மையாகிவிட்டனவாம். செலவான நிலக்கரியோ 8 அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது கால் கிலோகூட இல்லை. எலும்பிலிருந்து கிடைத்த ஜெல்லியில் ஒரு கண்ணாடிக் குவளை அளவை அவர் மனைவிக்கும் அனுப்பிவைத்தார் என்பது சுவையான செய்தி.

பானை வெடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பாப்பேன் செய்த ஏற்பாடுதான் இன்னும் முக்கியமானது. மூடியில் சிறு துளை இட்டு, அதன்மேல் எடை தாங்கிய நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினார். அழுத்தம் அளவு மீறினால் எடை தூக்கப்பட்டு ஆவி வெளியேறும். அந்தப் பாதுகாப்பு வால்வின் வழித்தோன்றல்தான் இன்று நம் அடுப்படியில் விசிலடிக்கும் குண்டு.

பாப்பேனின் முடிவு மட்டும் இனிமையானதாக இல்லை. அவர் புரோட்டஸ்டண்ட் சமயத்தவர். 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அச்சமயத்தாருக்கு இருந்த உரிமைகளைப் பறித்ததால், தாய்நாடு திரும்பும் வழி அடைபட்டது. நீராவியால் பிஸ்டனை இயக்கலாம் என்று 1690இலேயே விளக்கிய அந்த மேதை, 1713 வாக்கில் லண்டனில் வறுமையில் மறைந்தார். ஏழைகளின் பசியை நினைத்தவர் ஏழையாகவே போய்ச் சேர்ந்தார்.

வேகாத உருளைக்கிழங்கு

பாப்பேனின் பானை எவ்வளவு தேவையானது என்பது மலையேறிப் பார்த்தால்தான் புரியும். 1835இல் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்தபோது சார்லஸ் டார்வின் குழுவினர் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார்கள். மணிக்கணக்கில் கொதித்தும் வேகவில்லை. இரவெல்லாம் நெருப்பிலேயே விட்டு, காலையில் மீண்டும் கொதிக்கவைத்தும் கல்லாகவே இருந்தது. பானை புதிது, அதற்கு ஏதோ தோஷம் என்று உடன் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். காரணம் பானையல்ல, உயரம் என்பது டார்வினுக்குத் தெரிந்திருந்தது.

மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையின் உச்சியில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதிக்கும். எவ்வளவு தீ மூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. மலைப்பகுதியில் கூடாரம் போட்டுச் சமைப்பவர்கள் சிறிய குக்கரைச் சுமந்து செல்வதில் பொருள் இருக்கிறது. அது முடியாவிட்டால், பருப்பையும் பயற்றையும் முதல் நாள் இரவே ஊறவைப்பது நல்லது.

தொழிற்கூடத்திலிருந்து அடுப்படிக்கு

சுமார் 200 ஆண்டுகள் இந்தப் பானை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலுமே இருந்தது. 1879இல் பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல்ஸ் ஷாம்பர்லான் இதே தத்துவத்தில் கிருமிநீக்கும் கருவியை உருவாக்கினார். அறுவைச் சிகிச்சைக் கருவிகளைத் தூய்மைப்படுத்த மருத்துவமனைகளில் பயன்படும் ஆட்டோகிளேவ், நம் குக்கருக்கு நெருங்கிய உறவு என்றால் மிகையில்லை.

வீட்டுக்கு ஏற்ற சிறிய குக்கர்கள் அமெரிக்காவில் 1930களின் இறுதியில் பரவத் தொடங்கின. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிரஸ்டோ' குக்கர் மக்களைக் கவர்ந்தது. அதற்குள் உலகப் போர் வந்து, அலுமினியம் ஆயுதங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. போருக்குப் பிறகு பலர் போட்டி போட்டுக்கொண்டு மலிவான குக்கர்களைச் சந்தையில் இறக்கினார்கள். தரமில்லாதவை விபத்துக்குக் காரணமாயின. குக்கர் என்றாலே வெடிக்கும் என்ற அச்சம் அங்கே நெடுநாள் நிலைத்தது.

இந்தியாவிலோ கதை வேறு. 1959இல் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. டிடிகே குழுமமும் 'பிரஸ்டீஜ்' குக்கரைக் கொண்டுவந்தது. பருப்பும் பயறும் அன்றாட உணவாக உள்ள நாட்டில், விறகு அடுப்பின் புகையில் மணிக்கணக்கில் கண் எரிய நின்ற பெண்களுக்கு அது சாதாரணப் பொருளாகத் தெரியவில்லை. நேரம் மிச்சம், மண்ணெண்ணெய் மிச்சம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு துணை.

போலி கற்றுத்தந்த பாடம்

இந்தியாவிலும் குக்கர்கள் வெடித்த சம்பவங்கள் நடக்கத்தான் செய்தன. அவற்றை ஆராய்ந்தபோது போலி உதிரிப்பாகங்கள் பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. அளவு மீறிய வெப்பத்தில் உருகி வழிவிட வேண்டிய பாதுகாப்பு வால்வு, போலியாக இருந்தால் உருகாது. எனவே, டி.டி. ஜெகந்நாதன் தலைமையேற்று நடத்திய பிரஸ்டீஜ் நிறுவனம் இன்னொரு வழியைக் கண்டது. மூடியின் விளிம்பில் ஒரு சிறு திறப்பு. மற்ற வழிகள் அடைபட்டாலும் கேஸ்கட் என்னும் ரப்பர் வளையம் அதன் வழியே பிதுங்கி, ஆவியை வெளியேற்றிவிடும்.

அறிவியல் பாதுகாப்பு தந்தாலும் கவனம் நம்முடையது. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு என்றால் பாதியே போதும். மூடும் முன் ஆவித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இறுகிப்போன ரப்பரை உடனே மாற்ற வேண்டும். சில வெள்ளியை மிச்சப்படுத்த நினைத்துப் போலி வால்வை வாங்கக் கூடாது. அழுத்தம் அடங்கும் முன் மூடியை வலிந்து திறக்கவே கூடாது.

அடுத்த முறை அடுப்படியில் விசில் கேட்கும்போது, பருப்பு வெந்துவிட்டது என்பதோடு இன்னொன்றையும் நினைக்கலாம். ஏழையின் பசியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு மனிதரின் எண்ணம், 300 ஆண்டுகளைத் தாண்டி இன்னும் வெந்துகொண்டிருக்கிறது.