"அவ கொணமே அப்படித்தான்": மாத்தளைத் தோட்டங்களில் பெண்ணும் குடியும்

ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இரண்டு வசனங்கள் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஒரு ஆம்பிளை குடித்துவிட்டு லயத்து வாசலில் கிடந்தால், "பாவம், நாள் முழுக்க வேல செஞ்ச அசதி" என்பார்கள். ஒரு பொம்பிளை குடித்தால், "அவ கொணமே அப்படித்தான்" என்பார்கள். ஆணுக்கு அசதி, பெண்ணுக்குக் குணம்.

எங்களில் ஒருத்தியின் அம்மாயி அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனார். ஈரல் கெட்டுப்போன கடைசி மாதத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் குடிக்காக அவரை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லை. குணத்துக்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

இந்தக் 'குணம்' என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கங்காணியின் கடன் காத்திருந்தது. தவறணையும் காத்திருந்தது. அந்தக் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசு பிரதேசம் பிரதேசமாக ஏலம் விட்டது. கூடக் கேட்டவருக்கே குத்தகை. குத்தகைக்காரர் போட்ட காசை எடுக்க வேண்டுமென்றால் சாராயம் ஓட வேண்டும். அரசின் வருமானத்துக்கும் அது ஓட வேண்டும். இலங்கையின் பல பணக்காரக் குடும்பங்கள் இந்தச் சாராயக் குத்தகையில்தான் மேலே வந்தன என்பதைக் குமாரி ஜயவர்தன தன் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஆனால் பழி யார் மேல் விழுந்தது? 'கூலிகள் இயல்பிலேயே குடிகாரர்கள்' என்ற பேச்சு துரைமார் மத்தியில் சாதாரணமாகப் புழங்கியது. அதாவது, விற்றவனுக்கு வியாபாரம், குடித்தவனுக்குக் குணம். பிறகு அந்த வசனத்தை நாங்களே எடுத்து எங்கள் பெண்களுக்குச் சொல்லத் தொடங்கினோம்.

சரி, பெண்ணுக்கு அசதி இல்லையா? விடிய முன்னால் எழும்பி அடுப்பு மூட்ட வேண்டும், பெரட்டுக்குப் போக வேண்டும், மலை ஏறிக் கொழுந்து எடுக்க வேண்டும். அந்திக்கு வந்தால் தண்ணி, விறகு, பிள்ளை, சமையல். 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் பெண்ணுக்குக் குறைந்த கூலிதான் வைத்தார்கள். சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. பெண்ணின் சம்பளத்தைப் புருசனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்ததை ரேச்சல் குரியன் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எத்தனை வீடுகளில் அவள் பறித்த கொழுந்து அவன் குடித்த சாராயமாக மாறியிருக்கும்!

சட்டமும் பெண்ணை இப்படித்தான் பார்த்தது. 1979இல் வந்த ஒரு மதுவரி அறிவித்தல், தவறணைக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றது. மது தயாரிக்கும், விற்கும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கிக் கையெழுத்திட்டார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். அப்போது நடந்த விவாதத்தில் 'கலாசாரம்' என்ற சொல் நிறையவே கேட்டது. தடை இருந்ததால் குடிக்கிற பெண் இல்லாமல் போனாளா? இல்லை. அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனாள், அவ்வளவுதான். தவறணைக்குள் போக முடியாதவளுக்கு மிஞ்சியது லயத்துக் கசிப்பும், யாராவது ஒளித்து வாங்கித் தரும் கால் போத்தலும்.

பெண்ணை இப்படிப் பார்த்தது எங்கள் ஊர் மட்டுமல்ல. லண்டனில் ஜின் குடி தலைவிரித்தாடிய காலத்தில், 1751இல், வில்லியம் ஹோகார்த் வரைந்த 'ஜின் லேன்' படத்தின் நடுவில் இருப்பது ஒரு தாய். போதையில் அவள் கையிலிருந்து பிள்ளை விழுகிறது. நகரத்தின் முழுக் கேட்டுக்கும் முகமாக ஒரு பெண்ணே வைக்கப்பட்டாள். ஆய்வு செய்ய வந்தவர்களோ அவளை ஒதுக்கினார்கள். 1946இல் ஜெலினெக் என்ற ஆய்வாளர் குடிநோய் எப்படிப் படிப்படியாக முற்றுகிறது என்று எழுதியபோது, பெண்கள் அனுப்பிய பதில்கள் கொஞ்சமாகவும் வேறுமாதிரியாகவும் இருந்ததால் அவற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் காட்டிய படிநிலைகள் பிறகு உலகம் முழுக்கப் பரவின. படமாக வரையும்போது பெண் வேண்டும், நோயாகப் படிக்கும்போது வேண்டாம்.

அப்படியென்றால் குணத்துக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. இதை மறைத்தால் நாங்களும் பொய் சொன்னவர்கள் ஆவோம். 2000ஆம் ஆண்டு பெட்ரிஷியா கொன்ரொட்டும் கூட்டாளிகளும் கனடாவில் குடியாலும் போதைப்பொருளாலும் பாதிக்கப்பட்ட பெண்களை மட்டுமே வைத்து ஆய்வு செய்தார்கள். அந்த ஆய்வு வழியில் நாலு சுபாவங்கள் முக்கியமாகத் தெரிந்தன: இனி எதுவும் நல்லா வராது என்ற நம்பிக்கையின்மை, நெஞ்சு படபடத்தாலே பயந்துபோகும் பதற்றம், புதுசு புதுசாகப் பரபரப்பைத் தேடுவது, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுவது. ஒருத்தி துக்கத்தை மறக்கக் குடிப்பாள், இன்னொருத்தி பயத்தை அடக்கக் குடிப்பாள். குடி ஒன்று, காரணம் வேறு.

இதில் எங்களை நிறுத்தியது அடுத்த விசயம். ஒவ்வொரு பெண்ணின் சுபாவத்துக்கும் பொருத்தமாகக் கொஞ்ச நேர உதவி கொடுத்துப் பார்த்தபோது, பொதுவாக ஒரு படம் போட்டுக் காட்டியதைவிட நல்ல பலன் கிடைத்தது. அங்கே குணம் என்பது உதவி எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று காட்டும் வழி. எங்கள் லயத்தில் அதே சொல்தான் கதவைச் சாத்துகிற சொல்லாக இருந்தது.

கதவு சாத்தியதன் விலையும் பெண்ணுக்குக் கூட. ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். ஈரலும் ஆணைவிடச் சீக்கிரம் கெடும். ஒளித்துக் குடிப்பதால் மற்றவர்களுக்குத் தெரியவருவதும் பிந்தும். அம்மாயிக்கு நடந்தது இதுதான்.

அம்மாயி ஏன் குடித்தார் என்று இப்போது யோசிக்கிறோம். இரண்டு பிள்ளைகளைச் சின்னதிலேயே பறிகொடுத்தவர் அவர். அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று வீட்டில் இப்போதுதான் சொல்கிறார்கள். அப்போது கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த முறை லயத்தில் யாராவது "அவ கொணம் அப்படி" என்றால், "எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்போம். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்காருவோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் அவளுக்கும்தான் என்று சொல்லுவோம்.