சனிக்கிழமை போர் இல்லை: கொச்சியில் படைக்கடமை கடந்து வந்த பாதை

மட்டாஞ்சேரி அரண்மனை வளாகத்துக் கோயிலுக்கும் பரதேசி யூதர்களின் ஜெபாலயத்துக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. 1568இல் எழுந்த அந்த ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர் கொச்சி அரசர். கொச்சி யூதர் வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த ஒரு போரில், அரசர் சனிக்கிழமையன்று படையை நகர்த்த மறுத்தாராம். அவருடைய சிறந்த வீரர்களில் பலர் யூதர்கள். ஓய்வுநாளில் அவர்கள் ஆயுதம் தொடமாட்டார்கள் என்பதே காரணம்.

குடிமக்கள் அனைவரும் கட்டாயமாகப் படையில் பணியாற்ற வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இஸ்ரேல், தென்கொரியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டு உதாரணங்களையே தேடுகிறோம். கட்டாயப் படைக்கடமை எப்படிப் பிறந்தது, எப்படித் தேய்ந்தது, எங்கே மறுபடி தலைதூக்கியது என்று பார்க்க கொச்சி ஒன்றே போதும்.

பழைய கேரளத்தில் படைக்கடமை பிறப்போடு வந்தது. நாயர் குடும்பத்துச் சிறுவன் ஏழு வயதில் களரிக்கு அனுப்பப்பட்டதை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் வாழ்ந்த போர்த்துகீசிய எழுத்தர் துவார்த்தே பார்போசா விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பயிற்சி முடிந்தவன் தன் தலைவனுக்கு உயிர் கொடுக்கவும் கடமைப்பட்டவன். ஊர்த் தலைவரான தேசவாழிக்கு மேல் நாட்டுத் தலைவரான நாடுவாழி, அவருக்கு மேல் அரசர் என்று படை அடுக்கடுக்காகத் திரண்டது. முந்நூற்றுவர், அறுநூற்றுவர் என்று எண்ணிக்கையையே பெயராகக் கொண்ட நாயர் கூட்டங்களும் இருந்தன. இந்தக் கடமைக்குப் பதிலாக நிலமும் ஊதியமும் சமூக மதிப்பும் கிடைத்தன. நாயர் அல்லாத பெரும்பாலான உழைக்கும் சாதிகளுக்கு வந்து சேர்ந்ததோ ஊழியம். சுமை தூக்கவும் வயலில் பாடுபடவும் கூலியில்லாமல் அவர்களை அழைத்துக்கொள்ளலாம். இரண்டுமே கட்டாயம்தான் என்றாலும் ஒன்றில் கௌரவம் இருந்தது, மற்றதில் அது துளியும் இல்லை.

இந்தக் கட்டாயம் அரசரை எந்த அளவுக்குக் காத்தது? 1503இல் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் படை வந்தபோது இடப்பள்ளி உள்ளிட்ட சில தலைவர்கள் எதிரியின் பக்கம் சாய்ந்தார்கள். கொச்சி இளவரசர் நாராயணன் களத்தில் இறந்தார். அரசர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். போர்த்துகீசியக் கப்பல்கள் வந்த பிறகே அவரால் திரும்ப முடிந்தது. மறுபுறம், 1662இல் டச்சுக்காரர்கள் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கி ராணி கங்காதர லட்சுமியைச் சிறைபிடித்தபோது இளவரசர்கள் மூவரும் ஏராளமான நாயர் வீரர்களும் அங்கேயே மடிந்தார்கள். அதே போரில் யூதர்கள் டச்சுப் பக்கம் நின்றார்கள். அதற்குப் பழிவாங்க, டச்சுக்காரரை எதிர்த்த போர்த்துகீசியர்கள் அவர்களுடைய ஆலயத்தைச் சூறையாடினார்கள். 1663இல் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. படைக்கடமை எப்படி எழுதப்பட்டிருந்தாலும், யார் எதற்காக நின்றார்கள் என்பதை அவரவருக்கும் அரசுக்கும் இருந்த உறவே முடிவு செய்தது. இந்தக் கட்டுரையின் வாதமும் அதுதான்.

பிறப்பால் வந்த படைக்கு முதல் பெரிய அடி திருவிதாங்கூரிலிருந்து விழுந்தது. மார்த்தாண்ட வர்மா நாடுவாழிகளின் படையை நம்பி ஆளத் தயாராக இல்லை. திருநெல்வேலிச் சீமை மறவர்களைக் கூலிக்கு அமர்த்தினார். 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்த பின், அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாயைக் கொண்டே ஐரோப்பிய முறையில் நிரந்தரப் படையைப் பயிற்றுவித்தார். இருபது ஆண்டு கழித்து, சாமூதிரி கொச்சியின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தபோது அதை மீட்டுக் கொடுத்தது அந்தச் சம்பளப் படைதான். ஒவ்வொரு வீட்டு வாளும் அரசருக்குச் சொந்தம் என்றிருந்த நாடு, பக்கத்து நாட்டின் சம்பளச் சிப்பாயால் பிழைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1791இல் கொச்சி ஆங்கிலக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டது. 1808 டிசம்பரில் கொச்சியின் முதன்மை அமைச்சர் பாலியத்து அச்சனின் ஆட்கள் ரெசிடென்ட் மெக்காலேயின் வீட்டைத் தாக்கினார்கள். திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயோடு சேர்ந்து எழுந்த அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1809 ஒப்பந்தப்படி கம்பெனிப் படையின் செலவையும் கொச்சி ஏற்க வேண்டியதாயிற்று. படைக்கடமை வரியாக உருமாறிய கட்டம் இது. முன்பு ஆளைக் கொடுத்த நாடு இப்போது பணத்தைக் கொடுத்தது.

படையைச் சுற்றி வாழ்ந்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள தோபிகானாவில் இன்றும் துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். சிப்பாய்களின் சீருடை துவைக்க டச்சுக்காரர்கள் தங்கள் முன்னோரை அழைத்துவந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். படை வரலாற்றில் இப்படிப்பட்ட கைகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்பது வருத்தம் தரும் குறை.

இந்தியாவில் சட்டத்தின் வழியே வந்த முதல் நவீனக் கட்டாயப் படைச்சேவை இந்தியர்களுக்கானது அன்று. 1917ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளான 16 முதல் 50 வயது ஆண்களையே கட்டாயப்படுத்தியது. ஃபோர்ட் கொச்சி அப்போது பிரிட்டிஷ் மலபாரின் பகுதி. பக்கத்திலேயே மட்டாஞ்சேரி, கொச்சி அரசருடையது. ஒரே கரையில் கோட்டைப்பகுதி வெள்ளைக்கார வணிகர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நாலு தெரு தள்ளியிருந்த மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிக்கு அந்தச் சட்டத்தோடு சம்பந்தமே இல்லை. இந்தியர்களை பிரிட்டிஷ் அரசு சம்பளத்தாலும் பட்டம் பதவியாலும், சில இடங்களில் அதிகாரிகளின் அழுத்தத்தாலும் திரட்டியது. இரண்டாம் உலகப் போரில் கட்டாயச் சட்டம் இல்லாமலேயே சுமார் 25 லட்சம் இந்தியர் சேர்ந்தனர்.

சுதந்திர இந்தியா இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் உட்பிரிவு ஊழியத்தையும் கட்டாய வேலையையும் தடைசெய்கிறது. இரண்டாவது, பொதுநலனுக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு அனுமதி தருகிறது. ஆனால் மதம், இனம், சாதி, வகுப்பு என்பவற்றை மட்டும் காரணமாக்கி அதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நாயருக்கு வாள், புலையர் போன்ற உழைக்கும் சாதிகளுக்குச் சுமை என்றிருந்த பழைய ஏற்பாட்டுக்கு நேர் எதிரான வரி இது. அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்களை மட்டும் அழைக்க இந்தப் பிரிவு தடையாக இராது.

இந்த அனுமதியை அரசு படைக்காக முழுமையாகப் பயன்படுத்தியதே இல்லை. அருகில் போன சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. 1972இல் வந்த தேசிய சேவைச் சட்டமும் மருத்துவர், பொறியாளர் போன்ற தகுதி பெற்றவர்களையே குறிவைத்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் நான்காண்டுச் சேவை என்றாலும் விண்ணப்பித்துச் சேர்வது. அதைக் கட்டாயச் சேவை என்று சொல்வது தவறு.

கட்டாயத்தின் முழு வடிவத்தைக் கண்டவர்கள் கொச்சியை விட்டுப் போனவர்கள்தான். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர், சுமார் 2,400 பேர், இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் அவர்களை ஏற்பதில் அங்கே முதலில் தயக்கம் இருந்தது. பிறகு நெகேவ் பாலைவனத்தின் நெவாத்தீம், ஜெருசலேம் மலைப்பகுதியின் மெசிலாத் சியோன் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். 1949ஆம் ஆண்டின் சட்டம் அங்கே ஆண், பெண் இருவருக்கும் படைச்சேவையைக் கட்டாயமாக்கியிருந்தது. கொச்சியில் சமூகத் தலைவருக்கு அரசர் 'முதலியார்' பட்டம் கொடுத்து, ஓய்வுநாளை மதித்துப் படையில் வைத்திருந்த மக்களின் பிள்ளைகள், அந்தச் சட்டத்தின்கீழ் சீருடை அணிந்தார்கள்.

அங்கேயும் 'எல்லோரும்' என்பது முழுமையாக இருந்ததில்லை. மதப் பாடசாலை மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக விலக்கு நீடித்தது. 2024 ஜூன் 25 அன்று, அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. யாருக்கு விலக்கு, யாருக்குச் சுமை என்ற சண்டை அங்கே அரசாங்கங்களையே ஆட்டி வைக்கிறது. இந்தியா போன்ற நாட்டில் கட்டாயச் சேவை வந்தால் பணமும் செல்வாக்கும் உள்ளவர் விலக்கு வாங்கிக்கொள்வார், ஏழைப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள் என்ற அச்சத்தை இந்த அனுபவம் வலுப்படுத்துகிறது. அந்த அச்சத்துக்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை, 23ஆம் பிரிவின் அனுமதியைத் தொடாமல் வைத்திருப்பதே சரி.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இன்று யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைகளில் மிளகும் பழம்பொருட்களும் விற்கிறார்கள். ஜெபாலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளைச் சனிக்கிழமை அனுமதிப்பதில்லை.