முடக்குவாதச் சிகிச்சையில் கணினி: வினாப்படிவம் முதல் கைப்பேசி வரை

முடக்குவாதத்தை அளப்பது எளிதல்ல. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருத்துவர் நம்பிப் பார்க்க ஓர் எண் உண்டு. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவிடாமல் ஒரு மணி நேரம் நீடிக்கும் இறுக்கத்துக்கு அப்படி ஓர் ஒற்றை எண் கிடையாது. நோய் ஏறும், இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும் நாளில் அது எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே கழியும் அந்த நாள்களைக் கணக்கில் கொண்டுவருவதற்குத்தான் இத்துறையில் கணினி தேவைப்பட்டது.

தொடக்கம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே ஜேம்ஸ் ஃப்ரைஸ் 1970களில் மூட்டுநோயாளிகளின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சேர்க்கும் ‘அராமிஸ்’ கணினித் தரவுத்தளத்தை வளர்த்தார். 1980இல் அவரது குழு வெளியிட்ட ‘ஹெச்.ஏ.க்யூ.’ என்னும் வினாப்படிவம் நோயாளியிடமே கேட்டது: தலைக்குக் குளிக்க முடிகிறதா, நிறைந்த கோப்பையை வாய்வரை தூக்க முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா? விடைகள் 0 முதல் 3 வரையிலான மதிப்பெண்ணாக மாறின. நோயாளியின் சொல் ஆய்வுக்குரிய தரவாக மதிக்கப்பட்டதே இதன் பெரிய பங்களிப்பு. இந்தியாவுக்கென 2002இல் வெளியான வடிவம், சேலையோ வேட்டியோ கட்ட முடிகிறதா, தரையில் சப்பணமிட்டு உட்கார முடிகிறதா என்று கேட்டது. கேள்வி வாழ்க்கையோடு ஒட்டாவிட்டால் விடையும் ஒட்டாது என்பதால் இந்த மாற்றம் அவசியமாயிற்று.

அடுத்த படி மருத்துவரின் கணக்கு. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் 1990இல் நோயின் தீவிரத்தைக் காட்டும் ஒரு குறியீட்டை உருவாக்கினர். 1995இல் அது 28 மூட்டுகளுக்குச் சுருக்கப்பட்டு ‘டாஸ் 28’ ஆயிற்று. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால் ஆகியவை இதில் அடங்கும். பாதம் இல்லை, பாதத்தில் நோய் தொடங்கும் பலருக்கு இது உண்மையான குறையே. வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள் இரண்டின் எண்ணிக்கைக்கும் வர்க்கமூலம் எடுத்து, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். அளவுக்கு மடக்கை கண்டு, நோயாளி தன் நிலைக்குத் தரும் மதிப்பையும் சேர்க்க வேண்டும். 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியது, 5.1க்கு மேலே போனால் தீவிரம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதை மனக்கணக்காகப் போட யாராலும் முடியாது. கணினி மருத்துவரின் மேசைக்கு வர இந்தச் சூத்திரமும் ஒரு காரணம்.

கணினி வெறும் கணக்குப் போடுவதோடு நிற்காமல் மருந்தின் அளவையும் சொல்லலாமா? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பகுதியில் 1999 முதல் 2003 வரை 299 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘கேமரா’ ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினர் மாதந்தோறும் வந்தனர். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைக் கூட்டலாமா என்பதைக் கணினி நிரல் கணித்துச் சொன்னது. மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான முறையில் வந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று மாதம் நோய் அடங்கியிருந்தவர்கள் முதற்பிரிவில் 50 விழுக்காடு, மற்றதில் 37 விழுக்காடு. இதில் கணினியின் பங்கு எவ்வளவு, அடிக்கடி பார்த்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நெருங்கிய கண்காணிப்பு பலன் தரும் என்பது தெளிவாயிற்று.

டென்மார்க்கில் 2000இல் தொடங்கிய ‘டான்பியோ’ தேசியப் பதிவேடு பின்னர் காத்திருப்பு அறைகளில் தொடுதிரைகளை வைத்தது. மருத்துவரைப் பார்க்கும் முன்பே நோயாளி தன் வலியையும் சோர்வையும் திரையில் பதிந்துவிடுவார். விரல் வளைந்தவருக்குப் பேனாவைப் பிடித்து எழுதுவதைவிடத் திரையைத் தொடுவது சுலபம். அதே நாட்டில், நோய் அடங்கியோ குறைந்தோ இருந்த 294 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் நிரப்பும் படிவத்தை வைத்துத் தொலைபேசியில் கவனிப்பது நேரடிச் சந்திப்புக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

கைப்பேசி இதை இன்னும் நெருக்கமாக்கியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ‘ரெமோரா’ திட்டத்தில் நோயாளிகள் அன்றாடம் செயலியில் பதிந்த அறிகுறிகள் மருத்துவமனையின் மின்பதிவேட்டுக்கே சென்றன. வலியின் ஏற்ற இறக்கத்தை மருத்துவரும் நோயாளியும் ஒரே திரையில் வரைபடமாகப் பார்த்தனர். “போன மாதம் எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு நினைவை மட்டும் நம்பியிருக்கும் நிலை அங்கே மாறியது. ஆம்ஸ்டர்டாமில் 2022இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் செயலியில் பதிந்து, தேவைப்பட்டால் மட்டும் மருத்துவரை நாடியவர்களின் நோய்நிலை மோசமாகவில்லை, சந்திப்புகள் குறைந்தன.

2020இல் கொரோனா பரவியபோது தொலைமருத்துவம் ஒரே மாதத்தில் உலகெங்கும் தேவையாகிவிட்டது. இந்தியாவில் அதற்கான நெறிமுறைகள் அந்த ஆண்டு மார்ச் 25 அன்று வந்தன. ஐரோப்பிய மூட்டுவாதவியல் கூட்டமைப்பான யூலார் 2022இல் தொலைநிலைக் கவனிப்புக்கான தன் வழிகாட்டுதலை வெளியிட்டது.

ஆனால் திரையால் தொட்டறிய முடியாத ஒன்று மூட்டின் வீக்கம். கட்டைவிரலால் மெல்ல அழுத்தும்போது பஞ்சுபோல் அமுங்கும் வீக்கத்தைக் கைதான் உணரும். வலிக்கும் மூட்டுகளை எண்ணுவதில் நோயாளியும் மருத்துவரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். வீங்கிய மூட்டுகளில் அந்த அளவு ஒத்துப்போவதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் உரிய பரிசோதனையை எப்படியும் செய்தாக வேண்டும். ஆகவே புதிதாக நோய் கண்டறியப்படுபவரையும், அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்குபவரையும் நேரில் பார்ப்பதும், நோய் அடங்கியிருப்பவரைச் செயலியிலும் தொலைபேசியிலும் பின்தொடர்வதுமான கலவையான முறையே நடைமுறைக்கு ஏற்றதாக உள்ளது.