நன்னீர் அலங்கார இறால் வளர்ப்பு

கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காகச் சிற்றிறால்களை வளர்த்துப் பெருக்குவது நன்னீர் அலங்கார இறால் வளர்ப்பு எனப்படும். வடிகட்டி, பொறி, மறைவிடம் முதலிய துணைப் பொருள்களை வளர்ப்போர் பெரும்பாலும் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறால் (மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி) பெலிமோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது, நீண்ட கொடுக்கு உடையது, தன்னினத்தையே தின்னும். தொட்டி இறால்கள் அட்டியிடே குடும்பத்தவை. இவற்றின் முன்னிரு இணைக் கால்களிலுள்ள சிறு கொடுக்குகள் மயிர்க்கற்றைகளில் முடிகின்றன. கல், இலை, கட்டை ஆகியவற்றின் மேல் படரும் பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் அவற்றால் துடைத்துத் தின்னும். வேட்டையாடத் தெரியாத இந்தச் சாதுவான குணமே இவற்றைத் தொட்டிக்கு ஏற்றவையாக்கியது.

வளர்ப்பினங்களின் பெயர் வரலாறு குழப்பம் நிறைந்தது. பாசி தின்னும் இறால்களில் முதலில் உலகப் புகழ் பெற்றது அமானோ இறால். இதனை 1860இல் ஸ்டிம்சன் காரிடினா மல்ட்டிடென்ட்டாட்டா என்று விவரித்தார். 1892இல் டி மான் காரிடினா ஜப்பானிக்கா என்று மற்றொரு பெயரிட்டார். வளர்ப்போர் நூல்களில் இரண்டாம் பெயரே நெடுங்காலம் வழங்கியது. இரண்டும் ஒரே இனம் என்பது 2006இல்தான் நிறுவப்பட்டு, முந்திய பெயர் நிலைத்தது. ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) தம் செடித் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்த 1980களில் இதைப் பயன்படுத்தினார். வணிகப் பெயர் அவரால் வந்தது. இதன் இளவுயிரிகளுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும். அதனால் நன்னீர்த் தொட்டியில் முட்டை சுமந்தாலும் இது பெருகாது.

செர்ரி இறாலை 1904இல் பூவியே விவரித்தார். பெரும் பாண்டாவை மேலைநாட்டு அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பாதிரியார் அர்மான் டேவிடின் பெயரை அதற்குச் சூட்டினார். பிறகு டென்ட்டிகுலாட்டா, ஹெட்டெரோபோடா என்றெல்லாம் அழைக்கப்பட்ட இது இன்று நியோகாரிடினா டேவிடி. இயற்கையில் பழுப்புச் சாயலுடன் மங்கலாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் விளைவு. பல நிறங்களை ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறைகளில் குஞ்சுகள் பழுப்புக்கே திரும்பிவிடும். மற்றொரு வளர்ப்பினமான தேனீ இறால்களிடையே தோன்றிய சிவப்புத் திரிபைப் பெருக்கிக் கிரிஸ்டல் ரெட் வகையை 1990களில் உருவாக்கியவர் ஜப்பானியரான ஹிசயசு சுசுகி. தேனீ இறாலுக்கு காரிடினா லோகமன்னி என்ற தனிப்பெயர் 2014இல்தான் கிடைத்தது. வணிகம் அறிவியலை முந்திக்கொண்டதற்கு இது நல்ல சான்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மாட்டானோ ஏரியிலிருந்து வந்த கார்டினல் இறால் (காரிடினா டென்னர்லி) 2009இல் விவரிக்கப்பட்டது.

இனத்தை அறிந்தபின்பே தண்ணீரை முடிவு செய்யவேண்டும். செர்ரி இறால் சற்றே கடினமான நீரையும் 6.5 முதல் 8 வரையிலான பிஎச் அளவையும் தாங்கும். தேனீ இறாலுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும், அதற்கு ஆர்.ஓ. தண்ணீரில் தாதுஉப்பைச் சேர்த்துக்கொள்வார்கள். சுலவேசி இறாலுக்குக் காரத்தன்மையும் 28 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் தேவை. தமிழ்நாட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது என்பதால் தொடக்கநிலையாளருக்குச் செர்ரியே பொருத்தம்.

வீட்டில் செய்பவற்றுள் முதன்மையானது ஸ்பாஞ்ச் வடிகட்டி. துளையிட்ட பிவிசி குழாயின் மேல் கரடுமுரடான ஸ்பாஞ்சைச் செருகி, குழாயினுள் ஏர் பம்ப்பின் டியூபை விட்டால் போதும். குமிழிகள் மேலேறும்போது குழாயிலுள்ள நீரையும் தூக்கிச் செல்ல, வெளிநீர் ஸ்பாஞ்ச் வழியாக உள்ளே இழுக்கப்படும். ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சுழற்சி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இறாலை விடலாகாது. குஞ்சுகளை உறிஞ்சாததும், அவை மேய்வதற்கு இடம் தருவதுமாகிய இவ்வடிகட்டி விலையுயர்ந்த கருவிகளைவிடச் சிறந்தது. இதைத் தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவவேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

புதிய இறால்களைத் தொட்டியில் விடச் சொட்டுமுறை உண்டு. ஏர் டியூபில் தளர்வாக முடிச்சிட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறால் உள்ள பாத்திரத்தில் விழவிட்டு, நீர் மும்மடங்கான பின் இடம் மாற்றுவார்கள். பிடிப்பதற்குப் பெட் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் பொறி ஆகும். உள்ளே ஆக்சிஜன் குறையுமாதலால் இரவு முழுதும் விட்டுவைப்பது தவறு.

நாட்டு வாதுமையின் உதிர்ந்த காய்ந்த இலை, துளையிட்டு வேகவைத்த கொட்டாங்கச்சி, களிமண் குழாய் ஆகியவை மறைவிடமும் மேய்ச்சலும் ஆகும். ஓடு கழற்றும் இறாலுக்குக் கால்சியம் தேவைப்படுவதால் கணவாய் ஓட்டுத் துண்டு போடும் வழக்கமும் உண்டு. வேகவைத்த பசலைக் கீரையைச் சிறிதளவே இட்டு, மீதியைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும். செம்பு கலந்த மீன் மருந்தும், அறையில் அடிக்கும் கொசு மருந்தும் ஒரே நாளில் தொட்டியைக் காலி செய்யக்கூடியவை. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் சூடு குறையும். குறைந்த நீருக்கு ஆர்.ஓ. நீரையே ஊற்றவேண்டும்.

இன்று சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளிலும் செர்ரி இறால் கிடைக்கிறது. அனல்மின் நிலையத்தின் வெந்நீர் கலக்கும் ஜெர்மனியின் கில்பாக் ஓடையில் இவ்வினம் தானே பெருகியிருப்பது 2013இல் பதிவாகியுள்ளது; ஆகவே மிஞ்சிய இறால்களை ஏரி, வாய்க்கால்களில் விடக்கூடாது.